நோவாவுக்கு வீல் தேடிய கதை: டயரில் தொடங்கி ரிம்மில் முடிந்த கணக்கு

என்னுடைய 1972 ஷெவ்ரொலே நோவாவுக்கு வீல் மாற்ற நான் ஒதுக்கிய தொகை 1,300 டாலர். நான்கு ரிம், நான்கு டயர், நட்டுகள், டயரைப் பொருத்தி பேலன்ஸ் செய்யும் கூலி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில். பழைய கார்களைப் பற்றிப் பேச இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீல் என்று வாயெடுத்தால் பலரும் முதலில் கேட்பது, எந்த டிசைன் என்பதைத்தான். கையில் காசு குறைவாக இருக்கும்போது டிசைன் கடைசியாக வர வேண்டியது. டயரின் உயரம், பிரேக்கின் அளவு, மட்கார்டுக்குள் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் முடிவான பிறகு மிஞ்சுகிற ரிம்களில் எது பிடிக்கிறதோ அதை வாங்க வேண்டும். இந்த வரிசையில்தான் நான் போனேன். செலவு கட்டுக்குள் நின்றதற்கு அதுவே காரணம்.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. இரண்டு கதவு உடல். பிறக்கும்போது 307 கன அங்குல வி8 எஞ்சின். எனக்கு முந்தைய உரிமையாளர் அதை எடுத்துவிட்டு 350 போட்டிருந்தார். நான்கு பக்கமும் டிரம் பிரேக். வீல்கள் 14 அங்குல இரும்பு, அகலம் குறைவு. நடுத்தர உடலுக்குள் பெரிய எஞ்சினைத் திணிப்பது என்ற மஸில் கார் வழக்கத்தை 1964-இல் போன்டியாக் ஜிடிஓ பிரபலமாக்கியது. நோவா அதைவிடச் சிறிய, மலிவான உடல். அதனால்தான் என்னைப் போன்றவர்களின் கைக்கு இன்னும் எட்டுகிறது. இதன் முன்பக்க சட்டம் முதல் தலைமுறை கமேரோவுடன் பொதுவானது என்பதால் உதிரிபாகங்களுக்கும் குறைவில்லை.

முதலில் டயர். தொழிற்சாலையிலிருந்து வந்த இ78-14 டயரின் உயரம் ஏறத்தாழ 26 அங்குலம். ஸ்பீடோமீட்டரும் பின் அச்சின் கியர் விகிதமும் அந்த உயரத்துக்கு அமைந்தவை. உயரம் கூடினால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், புறப்பாட்டில் வண்டி சோம்பும். குறைந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் வீணாகச் சுழலும். எனவே 26 அங்குலத்தை ஒட்டியே தேடினேன். முன்னால் 215/65 ஆர்15, அதாவது 26.0 அங்குலம். பின்னால் 235/60 ஆர்15, 26.1 அங்குலம். உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பின் டயர் அகலம் மட்டும் கூடுதல். இந்தக் கணக்கை யாரும் போடலாம்: அகலத்தை உயர விகிதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ரிம்மின் விட்டத்தைக் கூட்டினால் போதும். 235-இல் 60 சதவீதம் 141, இரண்டு பக்கத்துக்கும் 282, 15 அங்குல ரிம்முக்கு 381, ஆக 663 மில்லிமீட்டர்.

ஏன் 17, 18 அங்குல ரிம் வாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு என் பதில் நேரடியானது. அந்த அளவுகளில் டயர் வகைகள் ஏராளம், ஒட்டுப்பிடியும் நன்றாக இருக்கும். 15 அங்குலத்தில் நல்ல டயர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகின்றன. எனக்குப் பொருந்தியவை பிஎஃப்குட்ரிச் ரேடியல் டி/ஏ, கூப்பர் கோப்ரா போன்ற சில மட்டுமே. இருந்தும் 15-ஐத்தான் எடுத்தேன். மிச்சிகனில் குளிர்காலம் முழுவதும் சாலைக்குள் இறங்கும் நீர் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, வசந்தத்தில் தார் பெயர்ந்து பள்ளம் பள்ளமாகிவிடுகிறது. பக்கவாட்டு ரப்பர் மெலிந்த டயரோடு அந்தப் பள்ளத்தில் இறங்கினால் ரிம்தான் நெளியும். இன்னொன்று, ஒன்பதரை அங்குல டிரம்முக்கு வெளியே 18 அங்குல ரிம் மாட்டினால், அகன்ற ஆரங்களுக்கு (ஸ்போக்குகளுக்கு) நடுவே அந்தச் சின்ன டிரம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். பெரிய ரிம் வாங்குகிறவர் பெரிய பிரேக்கையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது. அது வேறு பட்ஜெட்.

பிரேக்குக்கு வருவோம். அடுத்த கட்டமாக முன்பக்கம் டிஸ்க் பிரேக் போடப்போகிறேன். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் டிஸ்க்கின் விட்டம் 11 அங்குலம். டிரம்முக்காகச் செய்த 14 அங்குல ரிம்கள் பலவற்றில் அதன் காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பாகம், உள்ளே இடிக்கும். 15-இல் இடம் உண்டு, ஆனால் ஆரங்கள் உட்புறமாகக் குழிந்திருந்தால் அங்கேயும் இடிக்கலாம். அமெரிக்கன் ரேசிங் நிறுவனத்தின் புகழ்பெற்ற டார்க் திரஸ்ட் வீலில் 'டி' என்ற எழுத்தோடு வரும் வகை ஒன்று இருக்கிறது. டிஸ்க் பிரேக்குக்கு இடம்விட அதன் ஐந்து ஆரங்களையும் வெளிப்பக்கமாக வளைத்திருப்பார்கள். வளைவு அழகுக்காக வந்தது என்று நினைப்பவர்கள் அநேகர். இன்று டிரம் இருந்தாலும் நாளை டிஸ்க் வரும் என்றால் ரிம்மை இன்றே அதற்கேற்ப எடுப்பதுதான் சிக்கனம்.

அளவெடுப்பு

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. என் அண்டை வீட்டுக்காரர் அச்சு வார்ப்புக் கருவிகள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். நான் காட்டிய வீல் படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, "உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது, வெளியே எவ்வளவு இடம் இருக்கிறது, அதை முதலில் சொல்" என்றார். சரியான கேள்வி.

ஜாக்கியை உடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால் அச்சு தொங்கிவிடும், எடுக்கிற அளவெல்லாம் பொய்யாகிவிடும். அதனால் பின்பக்கம் அச்சுக் குழாய்க்கு அடியிலும் முன்பக்கம் வீலைத் தாங்கும் கீழ் சஸ்பென்ஷன் கைக்கு அடியிலும் தாங்கி கொடுத்து, வண்டி சாலையில் நிற்கும் உயரத்திலேயே வைத்தேன். வீலைக் கழற்றி, டிரம்மின் முகத்தில் நேரான இரும்புப் பட்டை ஒன்றைப் பிடித்து, அங்கிருந்து உள்ளே லீஃப் ஸ்பிரிங் வரைக்கும், வெளியே மட்கார்டின் மடிந்த ஓரம் வரைக்கும் அளந்தேன். உள்ளே இரு பக்கமும் ஐந்தரை அங்குலம். வெளியே இடப்பக்கம் 5 அங்குலம், வலப்பக்கம் நாலே முக்கால்.

இந்தக் கால் அங்குல வித்தியாசத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து கார்களில் பின் அச்சு உடலின் நட்ட நடுவில் உட்கார்ந்திருப்பது அபூர்வம். ஸ்பிரிங் அச்சோடு பிணைந்தது, ஆகவே உள் அளவு இரு பக்கமும் ஒன்றாக இருக்கும். கோளாறு வெளி அளவில்தான் தெரியும். ஒரு பக்கத்தை மட்டும் அளந்து ரிம் வாங்கியவர்கள் மறுபக்கத்தில் டயர் உரசி அவதிப்படுவது இதனால்தான். குறுகிய பக்கமே கணக்கு. மட்கார்டின் ஓரத்தை உருளையால் மடித்து இடம் கூட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். ஐம்பது ஆண்டுப் பெயின்ட் வெடிக்கும், வெடித்த இடத்தில் சாலை உப்பு புகும், துரு ஏறும். எனக்கு அதில் சம்மதமில்லை.

இனி பேக்ஸ்பேசிங். ரிம்மைக் கவிழ்த்து வைத்து அதன் உள் ஓரத்தின் மேல் ஒரு பட்டையைக் கிடத்தி, அங்கிருந்து டிரம்மோடு ஒட்டி உட்காரும் முகம் வரை அளந்தால் கிடைப்பது அது. ஆஃப்செட் என்று மில்லிமீட்டரில் சொல்வதும் இதே விஷயத்தை வேறு வழியில் சொல்வதுதான்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அந்த முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. கவனிக்க வேண்டியது ஒன்று. 7 அங்குல ரிம் என்றால் டயர் உட்காரும் இடம் மட்டும் 7. இரண்டு ஓரங்களின் தடிமனையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 8. எனவே நடு 4. பேக்ஸ்பேசிங் நாலேகால் என்றால் வீல் நடுவிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி உட்காரும்.

என் வண்டிக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். 235 டயர் 7 அங்குல ரிம்மில் ஒன்பதேகால் அங்குல அகலம். பாதி 4.63. கால் அங்குலம் உள்ளே தள்ளினால் உட்பக்கம் 4.88, வெளிப்பக்கம் 4.38. ஸ்பிரிங்குக்கு 0.62 அங்குலம் மிச்சம். வெளியே இடப்பக்கம் 0.62, வலப்பக்கம் 0.37. லீஃப் ஸ்பிரிங் பக்கம் அரை அங்குலமாவது விட வேண்டும், ஏனென்றால் வளைவில் திரும்பும்போது டயரின் பக்கவாட்டு ரப்பர் பிதுங்கும். அந்தச் சோதனையில் தேறியது.

ஆசைப்பட்டது 255/60. ரிம் 8 அங்குலம், பேக்ஸ்பேசிங் நாலே முக்கால் என்று வைத்துக் கணக்கிட்டால் டயரின் பாதி அகலம் 5.12 வருகிறது. உள்ளே கால் அங்குலம் தள்ளியும் ஸ்பிரிங்குக்கு மிஞ்சுவது 0.13, வெளியே வலப்பக்கம் மட்கார்டைத் தாண்டிவிடுகிறது. தாளிலேயே அந்த ஆசை முடிந்தது. காசு எதுவும் போகவில்லை. 15×7, பேக்ஸ்பேசிங் நாலேகால், நான்கு வீலும் ஒரே அளவு என்று முடிவானது.

சந்தையும் யார்டும்

ஷெவ்ரொலேயின் இந்த வரிசை கார்களுக்கு ஐந்து போல்ட், வட்டத்தின் விட்டம் நாலே முக்கால் அங்குலம். ஃபோர்டும் பல கிரைஸ்லர் கார்களும் நாலரை. 1971 முதல் வந்த பெரிய உடல் கொண்ட இம்பாலா, கேப்ரிஸ், அரை டன் ஷெவ்ரொலே பிக்கப் ஆகியவற்றுக்கு 5 அங்குலம். 1967-இல் அறிமுகமான ராலி என்ற இரும்பு வீல் இந்த எல்லா வரிசைகளுக்கும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் வந்தது என்பதுதான் சந்தையில் சிக்கல். குவியலில் கிடக்கும் ராலி எது காருடையது, எது பிக்கப்புடையது என்று பார்த்தவுடன் தெரியாது.

ஐந்து போல்ட் வட்டத்தை நேரடியாக அளக்க முடியாது, ஒரு துளைக்கு நேர் எதிரே இன்னொரு துளை இல்லை. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து கொள்ளுங்கள். 71 மில்லிமீட்டர் வந்தால் நாலே முக்கால். 67 வந்தால் நாலரை. 74.6 வந்தால் 5 அங்குலம். நடுவைக் கண்டுபிடிப்பது கடினமென்றால் ஒரு துளையின் இட ஓரத்திலிருந்து அடுத்ததன் இட ஓரத்துக்கு அளந்தாலும் அதே எண் வரும். சட்டைப்பையில் சின்ன வெர்னியர் வைத்துக்கொண்டுதான் நான் சந்தைக்குப் போவேன்.

இந்த அளவையும் ஏமாற்றும் ஒன்று உண்டு. பழைய பிஎம்டபிள்யூ ரிம்கள் பலவற்றின் வட்டம் 120 மில்லிமீட்டர், நம்முடையது 120.65. அடுத்தடுத்த துளைகளுக்கு இடையே வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள், மாட்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நட்டு தன் கூம்பில் முழுமையாக உட்காராமல் ஒரு பக்கமாக அழுத்தி நிற்கும் வீலை, என் பிள்ளைகள் பின் இருக்கையில் உட்காரும் வண்டியில் நான் மாட்டமாட்டேன்.

பழைய கார் உடைக்கும் யார்டில் மலிவாகக் கிடைப்பவை 1993 முதல் 2002 வரையிலான கமேரோவின் 16×8 அலுமினிய ரிம்கள். போல்ட் வட்டம் பொருந்துகிறது, விலையும் ஆசை காட்டுகிறது. ஆனால் அவற்றின் ஆஃப்செட் 50 மில்லிமீட்டரை ஒட்டியது. பேக்ஸ்பேசிங் ஆறரை அங்குலத்துக்குப் போய்விடும். என் ஸ்பிரிங் இருப்பது ஐந்தரையில். இடையில் தடித்த அடாப்டர் போட்டால் மாட்டலாம், ஆனால் நான்கு நல்ல அடாப்டரின் விலையைச் சேர்த்தால் மலிவு என்பது காணாமல் போகிறது. விலைச்சீட்டை மட்டும் பார்த்து வாங்கக் கூடாத பொருள் இது.

ஒரு சந்தையில் ஐந்து ஆரம் கொண்ட அலுமினிய ரிம் நான்கு, டயரோடு சேர்த்து 400 டாலருக்குக் கிடைக்கும்போல் இருந்தது. டயரின் பக்கவாட்டில் தேதிக் குறியீட்டைப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2309 என்றிருந்தது. 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். எவ்வளவு ஆழமாகப் பட்டை இருந்தாலும் அவை குப்பைக்குப் போக வேண்டிய டயர்கள்; விலையில் அவற்றின் பங்கு பூஜ்யம். ரிம் மட்டும் தேறினால் போதும் என்று விற்றவரின் அனுமதியோடு ஒவ்வொன்றையும் தரையில் உருட்டிப் பார்த்தேன், உள் ஓரத்தை விரலால் தடவினேன். ஒன்றில் விரல் ஓரிடத்தில் லேசாகத் தாழ்ந்து எழுந்தது. அவர் வீடு பக்கம்தான் என்பதால் அதை என் முன் ஹப்பில் மாட்டி, நெளிவை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கச் சம்மதித்தார். அலுமினிய ரிம் சுற்றும்போது அதன் ஓரம் அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு வரை விலகினால் ஏற்கலாம். கேஜின் முள் அதைவிட மூன்று மடங்கு துள்ளியது. ஏதோ பள்ளத்தில் வாங்கிய அடி. ரிம்மை நிமிர்த்தித் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அலுமினியத்தில் நெளிவுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கக்கூடும். நன்றி சொல்லி ரிம்மைத் திருப்பிக் கொடுத்தேன்.

மிகப் பழைய வீல்களை நாடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அறுபதுகளின் பந்தய வீல்களில் சில மெக்னீசியத்தால் ஆனவை. கைக்கு எடுத்தால் எடையே தெரியாது, விலை கூடுதல், அழகு கொள்ளை. ஆனால் மெக்னீசியம் அரிப்பை எளிதில் வாங்கும். அரை நூற்றாண்டுக்குப் பிறகு உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல இயலாது. சுவரில் மாட்டி ரசிக்கலாம். அதேபோல் நீள்துளை போட்டு இரண்டு மூன்று வட்டங்களுக்குப் பொருந்தும்படி செய்த பொது ரிம்கள் நிறைய வரும். அவற்றுக்குரிய தனி வாஷர்கள் இல்லாமல் அவற்றைத் தொடக்கூடாது.

கடைசியில் வாங்கியது புதிது. பெயர் அதிகம் கேள்விப்படாத நிறுவனம் ஒன்றின் வார்ப்பு அலுமினிய ரிம். ஐந்து ஆரம், ஆரங்களுக்குச் சாம்பல் பூச்சு, ஓரம் கடைந்து மினுக்கியது. ஒன்று 150 டாலர். ஆண்டு இறுதியில் கடைகள் கையிருப்பைக் குறைக்கும்போது வாங்கியதால் இந்த விலை. பெயர் பெற்ற வீலுக்கு இதைவிடக் கணிசமாகக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும், அந்த மிச்சம்தான் எனக்கு நான்கு புதிய டயரைத் தந்தது. சாலையைத் தொடுவது டயர். வீலுக்கு அள்ளிக்கொடுத்துவிட்டு டயரில் கஞ்சத்தனம் செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பழைய கார்கள் வருகின்றன. மினுங்கும் வீலில் வெடிப்பு விட்ட டயரோடு நிற்கும் வண்டிகளை அங்கே எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மாட்டுதல்

இந்த ரிம்முக்குக் கூம்பு நட்டு அல்ல, கழுத்து நீண்ட நட்டு வாஷரோடு வருகிறது. கழுத்து ரிம்மின் துளைக்குள் இறங்கி வீலை மையத்தில் நிறுத்துகிறது. அந்தக் கழுத்து துளையின் ஆழத்தைவிட நீளமாக இருந்தால் அது டிரம்மில் முட்டி நின்றுவிடும். நட்டு இறுகியதுபோல் இருக்கும், வீல் தளர்ந்திருக்கும். டிரம் இல்லாமல் ரிம்மை மேசையில் வைத்து, நட்டைச் செருகி, பின்பக்கம் கழுத்து வெளியே நீட்டவில்லை என்று ஐந்து துளையிலும் பார்த்துக்கொண்டேன். ஸ்டட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. நட்டு அந்த விட்டத்தின் அளவுக்காவது மரையில் ஏற வேண்டும், அதாவது குறைந்தது ஒன்பது சுற்று. கையால் சுற்றி எண்ணினேன். பத்து வந்தது.

டிரம்மின் முகத்தில் இருந்த துருவையும் பழைய பெயின்டையும் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்தேன். அங்கே ஒரு துகள் மாட்டினாலும் வீல் தள்ளாடும். நட்டுகளை நட்சத்திர வரிசையில் முதலில் கையாலும் பிறகு ஸ்பேனராலும் சமமாக இழுத்து, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் 75 அடி-பவுண்டு. காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்குவது அலுமினியத்துக்கு ஆகாது. டயர் கடைக்காரரிடமும் இதை முன்கூட்டியே சொல்லி, பேலன்ஸ் மட்டும் அங்கே செய்துகொண்டு, மாட்டுவதை வீட்டில் வைத்துக்கொண்டேன். பேலன்ஸ் எடைகளையும் வெளி ஓரத்தில் அடிக்காமல் உட்பக்கம் ஒட்டச் சொன்னேன்.

உரசுகிறதா என்று பார்க்க, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பின் மட்கார்டின் உள் ஓரத்திலும் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்திலும் விரல் தடிமனுக்கு ஒட்டினேன். பின் இருக்கையில் மூன்று பெரியவர்களை உட்காரவைத்து, டிக்கியில் தண்ணீர்ப் பெட்டிகளை ஏற்றி, எங்கள் ஊரின் மேடான ரயில்வே கடவையை மெதுவாகவும் கொஞ்சம் வேகமாகவும் கடந்தேன். இடப்பக்கம் களிமண் அப்படியே இருந்தது. வலப்பக்கம் வெளி ஓரத்துக் களிமண்ணில் மட்டும் டயரின் எழுத்து மேடுகள் பட்ட மெல்லிய கோடு ஒன்று. களிமண்ணை அளந்தால் கால் அங்குலத்துக்கு மேல் தடிமன் அப்படியே மிஞ்சியிருந்தது. தகடு வரை எதுவும் வரவில்லை. முன்பக்கம் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிப் பின்னோக்கி எடுக்கும்போது இடது டயர் மட்கார்டுக்குள் தொங்கிய ரப்பர் தடுப்பின் மூலையைத் தொட்டது. அந்த மூலையைக் கத்தரித்ததும் சத்தம் நின்றது. 50 மைல் ஓடிய பிறகு இருபது நட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்ச்சில் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு நட்டுகள் சிறிது நகர்ந்தன. புது அலுமினிய ரிம்மில் இது வழக்கம்தான். இந்த மறுபரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

ரிம்முக்கு 600, டயருக்கு 540, நட்டும் வாஷரும் 60, பொருத்திச் சமன் செய்ய 80. மொத்தம் 1,280 டாலர். இதற்குள் வராத செலவு ஒன்று உண்டு, ஸ்டெப்னி. டிக்கியில் இருந்த 14 அங்குல இரும்பு வீல் இன்றைய டிரம்முக்குப் பொருந்தும், டிஸ்க் போட்ட பிறகு பொருந்தாது. சந்தையில் நாலே முக்கால் வட்டமுள்ள 15×7 ராலி ஒன்றை 40 டாலருக்கு வாங்கி, துருவைத் தேய்த்து வெள்ளிப் பூச்சு அடித்து, அதிலும் 215 டயர் ஒன்றை ஏற்றியிருக்கிறேன். அந்த இரும்பு வீலுக்குக் கழுத்து நட்டு ஆகாது என்பதால் ஐந்து கூம்பு நட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு, ஜாக்கியின் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறேன்.